பவுடர் போட்ட பாதை

என் அப்பா லைல் ஹாச்சர் பன்றிப் பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டுகிறவர். அமெரிக்காவில், ஓக்லஹோமா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் எங்கள் ஊர். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் பன்றி வாடைதான். அதற்கு முன் அவர் மரைன் படையில் கண்ணிவெடி தேடுகிறவராக இருந்தார். ஆப்கானிஸ்தானிலிருந்து அவர் திரும்பி வந்தபோது எனக்கு ஏழு வயது. ஒரு வருடம் கழித்து, தூக்கத்திலேயே அம்மாவின் கழுத்தைப் பிடித்து நெரித்தார். மறுநாள் காலை அம்மா அவருடைய மெத்தையை இழுத்துக்கொண்டு போய், பின்பக்கம் நின்ற பழைய ட்ரெய்லர் வீட்டுக்குள் போட்டாள். அன்றிலிருந்து பத்து வருடம் அவர் அங்கேதான் படுத்தார். சாப்பிடவும் குளிக்கவும் மட்டும் வீட்டுக்குள் வருவார்.

அவருக்கு இருந்த ஒரே நண்பர் பாய்ட் கெர்ன்ஸ். இருவரும் ஒரே படைப்பிரிவு. பாய்டுக்கு இடது கால் முட்டிக்கு மேலேயே இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் செயற்கைக் காலைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைமேல் வைப்பார். அம்மா கத்துவாள்.

"ராலீன், அது என்னைவிட சுத்தம். அதுக்கு வேர்க்காது," என்பார் பாய்ட்.

"டேய் கெர்ன்ஸ், கோட்டுக்குள்ள நடக்கத் தெரியாதவனுக்குக் காலு எதுக்குடா?" என்பார் அப்பா. எல்லோரும் சிரிப்போம். பாய்டின் சிரிப்புதான் எல்லோரையும்விடப் பெரிதாக இருக்கும்.

அந்தக் கிண்டலுக்கு ஒரு காரணம் உண்டு. அங்கே அப்பா கருவியால் தரையைத் தடவியபடி முன்னே போவார். ஆபத்தில்லை என்று தெரிந்த இடத்தில் குழந்தைகளுக்குப் போடும் பவுடரைக் கொட்டிக்கொண்டே நடப்பார். பின்னால் வருகிறவர்கள் அந்த வெள்ளைக் கோட்டின்மேல் மட்டும்தான் கால் வைக்க வேண்டும். பாய்ட் கோட்டுக்கு வெளியே கால் வைத்துவிட்டார் என்பதுதான் பதினோரு வருடமாக எல்லோருக்கும் தெரிந்த கதை. வெடித்த பிறகு அங்கே கோடும் இல்லை, காலும் இல்லை.

போன வருடம் நான் பள்ளியை முடித்த மாதத்தில், மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள். போர் நினைவு விடாமல் துரத்துகிறவர்களில் பாதிப் பேருக்குத் தியானம், பாதிப் பேருக்குப் பேச்சு சிகிச்சை. எது அதிகம் குணமாக்குகிறது என்று பன்னிரண்டு வாரம் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வாராவாரம் இருபது கேள்வி, எண்பது மதிப்பெண். எண் குறையக் குறைய ஆள் தேறுகிறார் என்று அர்த்தம். முதல் நாள் அப்பாவுக்கு அறுபத்தொன்று வந்தது.

அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். "முப்பதுக்குக் கீழ வந்துச்சுன்னா உன் மெத்தைய நானே உள்ள தூக்கிட்டு வரேன் லைல். இல்லன்னா இதப் பத்தி இனிமே பேசவே கூடாது."

அப்பா தலையை ஆட்டினார். அவர் எதையும் அவ்வளவு ஆசையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

சிகிச்சை முடிந்து வெளியே வந்ததும் வண்டி ஓட்டக்கூடாது என்று இருவருக்கும் சொல்லியிருந்ததால் வியாழக்கிழமைதோறும் நான்தான் வண்டி ஓட்டினேன். அப்பா தியானத்தில் சேர விரும்பினார். அங்கே வாயைத் திறக்க வேண்டியதில்லை. பாய்டுக்குப் பேச வேண்டும். நேர்மாறாகக் கிடைத்தது. படையில் காவல் முறையை ஆளுக்கு ஆள் வாய்வார்த்தையிலேயே மாற்றிக்கொள்வார்களாம். அதே நினைப்பில் இருவரும் வரவேற்பு மேசைக்குப் போய்ச் சீட்டை மாற்றித் தரச் சொன்னார்கள்.

"யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் சார் முடிவு பண்ணுது. நீங்களா மாத்திக்கிட்டா எது வேலை செய்யுதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அங்கிருந்த பெண்.

"மேடம், நான் தெருநாய்கிட்டகூட பேசுறவன். இவன் கட்டின பொண்டாட்டிகிட்டயே பேசமாட்டான். உங்க கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு," என்றார் பாய்ட்.

அவள் சிரித்தாள். சீட்டை மாற்றவில்லை.

பாய்ட் காலையிலும் மாலையிலும் இருபது நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்து, அவருக்கென்று கொடுத்த ஒரு சொல்லை மனதுக்குள் சொல்ல வேண்டும். அதை வெளியே சொல்லக்கூடாது.

"உன் பழைய பொண்டாட்டி பேரா?" என்று கேட்டார் அப்பா.

"அதச் சொன்னா மனசு அடங்குமாடா? கத்தியத் தேடும்."

அப்பாவுக்கு வேறு மாதிரி. மிஸ் டோபின் என்ற சிகிச்சையாளர் முன் கண்ணை மூடி, அந்த மோசமான நாளை இப்போது நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். நடுநடுவே அவர், "இப்ப எவ்வளவு, நூத்துக்கு?" என்று கேட்பார். எவ்வளவு நடுக்கம் என்று எண்ணில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பதிவு செய்து கொடுப்பார்கள். வீட்டில் தினமும் அதைக் கேட்க வேண்டும். ட்ரெய்லரின் சுவர் தகரம். சாப்பாட்டுத் தட்டோடு போகும்போதெல்லாம் எனக்கும் கேட்கும்.

"நான் முன்னாடி போறேன். மெஷின் சத்தம் போடல. பவுடர் கொட்டுறேன். பின்னாடி கெர்ன்ஸ் கோட்ட விட்டு வெளிய கால் வைக்கிறான்."

ஐந்து வாரம் அதையே கேட்டார். மதிப்பெண் ஐம்பத்தொன்பதில் நின்றது.

பாய்டுக்கு ஐம்பத்தைந்திலிருந்து முப்பத்துநான்குக்கு வந்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை வண்டியில் அவரே சொன்னார். "நேத்து உக்காந்திருந்தப்ப ஒண்ணு நடந்துச்சு. காலு போனது என் தப்புன்னு மனசு ஒத்துக்கிச்சுடா. தப்பு பண்ணேன், வெல குடுத்தேன், முடிஞ்சது. ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கினேன். சிரிக்காத, நெஜமா." அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா, ஒரு வார்த்தை சொல்லமாட்டியா?"

"நல்லதுடா," என்றார் அப்பா.

அந்த வாரப் பதிவில் மிஸ் டோபினின் குரல் கேட்டது. "ஒரே எடத்துக்கு வந்ததும் உங்க குரல் செத்துப்போகுது மிஸ்டர் ஹாச்சர். அங்க எதையோ தாண்டிப் போறீங்க. தாண்டாதீங்க."

பிறகு அப்பாவின் குரல்.

"இன்னும் பத்தடிதான். வெயில் தாங்கல. எதிர்ல சுவரோட நிழல் தெரியுது. மெஷினத் தோள்ல மாட்டிக்கிட்டேன். தேடல. சும்மா பவுடர மட்டும் கொட்டிக்கிட்டே நடக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகல. அவன் பவுடர் மேலதான் கால் வைக்கிறான். நட்ட நடுவுல வைக்கிறான்."

"இப்ப எவ்வளவு?"

"நூறு."

"மறுபடி மொதல்லேருந்து சொல்லுங்க."

நான் தட்டைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

முதல் நாள் அந்தப் புதுப் பதிவைக் கேட்டு அப்பா ட்ரெய்லருக்கு வெளியே வந்து வாந்தி எடுத்தார். இரண்டு வாரத்தில் பூட்ஸ் துடைத்துக்கொண்டே கேட்டார். பத்தாவது வாரம் அந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்க, கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது வாரம் இருபத்தாறு வந்தது. அம்மா சொன்னபடியே மெத்தையைத் தானே தூக்கி வந்தாள். கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கினாள். அவர்கள் அறையிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. மறுநாள் காலை அம்மா கண்ணாடி முன் நின்று தன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அதைக் கொண்டாட செப்டம்பரில் மாட்டிறைச்சி சுட்டோம். பாய்டின் கை தடுமாறிப் பீன்ஸ் தட்டு புல்லில் கொட்டியது.

"என்ன பண்றது, கோட்டுக்குள்ள எதையும் செய்யத் தெரியாதவன்," என்று அவரே சிரித்தார்.

அப்பா கறியை நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தாமலே சொன்னார். "இல்லடா கெர்ன்ஸ். நீ கோட்டு மேலதான் நடந்த. நான்தான் கடைசிப் பத்தடி தேடாம பவுடர் போட்டேன்."

அடுப்பு எரியவில்லை, உப்பு போதவில்லை என்பதுபோலச் சொன்னார். அறுபது, எழுபது தடவை சொல்லியும் கேட்டும் அவருக்கு அது அப்படி ஆகிவிட்டது. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்.

"அந்த மேடம் சொன்னது சரிடா. சொல்லச் சொல்ல வெஷம் எறங்கிடுது. இப்ப எனக்கு பத்துகூட இல்ல."

பாய்ட் புல்லில் கிடந்த தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "பதினோரு வருஷம். உன் பொண்ணு முன்னாடி, உன் பொண்டாட்டி முன்னாடி என்னைக் கோட்டுக்குள்ள நடக்கத் தெரியாதவன்னு சொன்ன. நானும் சிரிச்சேன்."

"டேய்…"

"கறிய நறுக்கு."

பாய்ட் செயற்கைக் காலைச் சரியாக மாட்டாமலே எழுந்து போனார். வேலியருகில் விழுந்தார். தூக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். சனிக்கிழமை அப்பாவை அழைத்துப் போனேன். பாய்ட் தன் சமையலறையில் இரண்டு நாற்காலி எதிரெதிராகப் போட்டிருந்தார்.

"கண்ண மூடினா என் வார்த்தை வரமாட்டேங்குது. உன் கையில இருந்த பவுடர் டப்பாதான் வருது," என்றார். "உக்காரு. கண்ண மூடு. இப்ப நடக்கிற மாதிரி சொல்லு."

அப்பா சொன்னார்.

"இப்ப எவ்வளவு, நூத்துக்கு?"

"இருவது."

"பத்தாது. மொதல்லேருந்து சொல்லு. என் சத்தம் எப்படி இருந்துச்சுன்னு சேத்துச் சொல்லு."

வாராவாரம் சனிக்கிழமை போனோம். ஒவ்வொரு தடவையும் பாய்ட் புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்வார். கால் எங்கே கிடந்தது. அப்போது அப்பாவின் கையில் பவுடர் எவ்வளவு மிச்சம் இருந்தது. முதலில் அவர் வாயில் வந்த பொய் என்ன. அக்டோபரில் அப்பா ஐம்பது என்றார். நவம்பரில் தொண்ணூற்றைந்து. அந்த வாரம் நடுத்தூக்கத்தில் அம்மாவின் முடியைப் பிடித்து இழுத்தார். அம்மா கத்தவில்லை. எழுந்து மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை அப்பா பிடித்தார்.

டிசம்பரில் மூன்று மாதத்துக்குப் பிந்தைய பரிசோதனைக்கு மருத்துவமனை இருவரையும் அழைத்தது. ஒரே வண்டியில், அப்பா முன்னாலும் பாய்ட் பின்னாலுமாக உட்கார்ந்து போனார்கள். அப்பாவுக்கு அறுபத்தாறு. பாய்டுக்கு அறுபத்துமூன்று. வரவேற்பு மேசையிலிருந்த அந்தப் பெண் தாளை இரண்டு தடவை பார்த்தாள். "ரெண்டு பேருக்குமே என்ன சார் ஆச்சு?"

"ரெண்டு வைத்தியமும் சமம்னு எழுதிக்குங்க மேடம்," என்றார் பாய்ட்.

போக வேண்டாம் என்று நானும் அம்மாவும் எவ்வளவோ சொன்னோம். சனிக்கிழமை வந்தால் அப்பா எனக்கு முன்பே வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் நாற்காலியில் உட்கார்ந்ததும், முதல் தடவையாக அவர் பாய்டிடம் கேட்டார்.

"உனக்கு எவ்வளவு கெர்ன்ஸ்? நூத்துக்கு?"

"அதக் கேக்குற உரிமை உனக்குக் கெடையாது. சொல்லு."

அப்பா கண்ணை மூடினார். "நான் முன்னாடி போறேன்," என்று ஆரம்பித்தார்.