அழுகைக்கு மார்க் இல்லை

என் அம்மா சௌந்திரம் சிறையில் மனநல ஆலோசகர். பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களுக்கு வகுப்பெடுத்தார். பாதிக்கப்பட்ட பெண்ணின் இடத்தில் தன்னை வைத்துப் பேச வேண்டும், அதுதான் பாடம். பாடம் உள்ளே இறங்கியதா என்று பார்ப்பதும் அவர் வேலை.

நான் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். அதற்கான மதிப்பெண் முறையை நான்தான் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். அதில் பூபதி என்ற கைதி முதலிடம். அவன் அழுத அழுகையில் சிறை அதிகாரியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். சென்னியப்பன் கடைசி. கொட்டாவி விட்டிருக்கிறான். (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

“உன்ற கம்ப்யூட்டருக்கு அழுகாச்சின்னா ரொம்பப் புடிக்குமாட்ட இருக்குது, சாமி,” என்றார் அம்மா.

பூபதி பரோல் கேட்டிருந்தான். அம்மா சரியென்று எழுதினால் ஊருக்குப் போவான். அவனால் பாதிக்கப்பட்ட பெண்ணும் அதே ஊர். எழுதுமுன் அம்மா இருவரிடமும் என் கேள்வித்தாளில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டார்: வெளியே போனதும் என்ன செய்வாய்?

எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினார்.

முதலில் பூபதி. “நேரா அந்தப் புள்ளகிட்டப் போயி மன்னிப்புக் கேப்பனுங்க மேடம். காத்தால மில்லு வண்டிக்கு நிக்குமுங்க. அங்கயே கால்ல உழுந்துருவனுங்க.”

“அது பயந்துக்காதா?”

“நான் அழுவறதப் பாத்தா மன்னிச்சுருமுங்க.”

கரண்டி அந்தரத்தில் நின்றது. “பாத்தியா? அது என்ன நெனைக்கும்னு இன்னமும் இவனே சொல்றான்.”

அடுத்து சென்னியப்பன். அவன் வழக்கில் பெண் வேறு. “அந்தப் புள்ள ஊடு திருச்செங்கோட்டு ரோட்டு மேல இருக்குதுங்க. நான் சங்ககிரியில எங்கக்கா ஊட்டுக்குப் போயிருவனுங்க. அந்த ரோட்டுப் பக்கமே வரமாட்டனுங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதானுங்க. டீ கெடைக்குமுங்களா?”

பூபதிக்குப் பரோல் வேண்டாம் என்று அம்மா எழுதினார். ஒரே பதிலை வைத்து முடிவு செய்யக்கூடாது, பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் வாதாடினேன்.

“நீ பொறுத்துப் பாரு, சாமி. அந்தப் புள்ள எதுக்குப் பொறுக்கோணும்?”

போன மாதம் அம்மா போய்விட்டார். ஜேடர்பாளையத்தில் எங்கள் வீட்டில் கருமாதி. பந்தி முடிந்து இலையெடுத்த பிறகு ஒருவன் வந்து நின்றான். தண்டனை முடித்து வெளியே வந்த சென்னியப்பன். பெயரைச் சொன்னான்.

“ஏனுங்க, சங்ககிரியிலிருந்து வர இவ்வளவு நேரமா? திருச்செங்கோட்டு வழியில வந்தா சீக்கிரம் வந்திருக்கலாமே?” என்று கேட்டேன்.

“பள்ளிபாளையம் சுத்தி வாரனுங்க.”

அம்மா படத்தைக் கும்பிட்டான். அழவில்லை. நான் அழுவதைப் பார்த்துத் தன் துண்டை நீட்டினான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

“சோறு மிச்சமிருக்குதுங்களா?”