உதவி கேட்கப் போனவர் கொண்டுவந்த உண்டியல்

அக்காவின் படிப்புக்கு உதவித்தொகை கேட்கப் போன மாமா, கையில் ஒரு காலி உண்டியலோடு திரும்பி வந்தார். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். பட்டாளத்தில் இருந்தவர், பனிமலையில் முட்டி கெட்டுப்போய், காலத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். பென்ஷன் வந்தது, ஆனால் அது மாதத்தின் பாதியைத் தாண்டாது. மீதிப் பாதிக்காகச் செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் அத்தையின் குரல் உயர்ந்தால் இந்தப் பக்கம் நாங்கள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்போம்.

அக்கா அவர்களுடைய ஒரே பெண். நர்சிங் இரண்டாம் வருடம். பொங்கலுக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கு அரசாங்கம் படிப்புதவி தருகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அத்தைதான் நச்சரித்து மாமாவை வேங்கிக்காலுக்கு அனுப்பிவைத்தாள். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் பக்கம், அதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது.

இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. எல்லைக்கு அனுப்புவது டெல்லி. திரும்பி வந்தவரின் வீட்டுப் பாட்டை, பிள்ளை படிப்பு, பெண் கல்யாணம், விதவையின் அரிசி பருப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது மாநில அரசு. அதற்கு வேண்டிய பணத்தில் ஒரு பகுதி டிசம்பரில் வரும் கொடி நாள் வசூலில் இருந்து வர வேண்டும். மாவட்டம் இவ்வளவு வசூலிக்க வேண்டும் என்று மேலே இருந்து ஒரு தொகை வரும். மாவட்டம் அதைப் பிய்த்து ஆபீஸ் ஆபீசாக, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தலையில் கட்டும். கடைசியில் டவுசர் போட்ட பிள்ளைகள் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு தெருவில் நிற்பார்கள். எவ்வளவு பெரிய நாடு, எவ்வளவு சின்ன டப்பா!

மாமா போன நேரம் கொடி நாள் நேரம். கிளார்க் மரியாதையாகவே பேசினாராம். வசூலுக்கு ஆள் பத்தவில்லை, பட்டாளத்துக்காரரே டப்பாவோடு நின்றால் ஜனங்கள் மதித்துப் போடுவார்கள், நீங்களும் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள், திருப்பிக் கொடுக்க வரும்போது மனுவையும் கொண்டுவாருங்கள், கையோடு பார்த்துவிடலாம் என்றாராம். மாமாவுக்கு யாராவது ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் போதும். சல்யூட் அடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அத்தை அந்த அரக்கு வைத்த தகர உண்டியலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“காசு கேக்கப் போன மனுசனை காசு வசூல் பண்ணச் சொல்லி அனுப்பிச்சிருக்காங்க. இவரும் வாங்கிகினு வந்து நிக்கறாரு.”

மாமா உண்டியலை ஈரத்துணியால் துடைத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கு மட்டும் விஷயம் தெளிவாகப் புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். இந்த டப்பா நிரம்பினால் அக்காவுக்கு ஃபீஸ். காலியாகப் போனால் பரீட்சை கிடையாது. இதைவிடச் சுலபமான கணக்கு எங்கள் பாடப்புத்தகத்தில்கூட இல்லை.

அந்த வருடம் கார்த்திகை தீபம் கொடி நாளை ஒட்டி வந்தது. ஊரே மலையைச் சுற்றும் நாளில் வசூலுக்கு நிற்காமல் வேறு எப்போது நிற்பது என்று மாமா முடிவுசெய்தார். மத்தியானமே கிளம்பினோம். பள்ளிக்கூடம் லீவு, அம்மாவுக்கு வீட்டில் விருந்தாளிகள். என்னைத் தள்ளிவிட்டால் போதும் என்று மாமாவோடு அனுப்பிவிட்டாள். மாமா வெள்ளைச் சட்டையை மொடமொடவென்று இஸ்திரி போட்டு, நெஞ்சில் மெடல்களைக் குத்திக்கொண்டு, கிரிவலப் பாதையில் எமலிங்கக் கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், பூட்டியிருந்த ஒரு கடை வாசலில் விறைப்பாக நின்றார். ஒரு கையில் உண்டியல். என் கையில் ஒரு பெட்டி நிறையக் குட்டிக் காகிதக் கொடிகள், சிவப்பும் கருநீலமும் வெளிர்நீலமுமாக.

ஜனம் ஆறாகப் போய்க்கொண்டிருந்தது. போடவில்லை என்று சொல்ல முடியாது. தீபத்தன்று மலை சுற்றுகிறவர்கள் எந்த உண்டியலைப் பார்த்தாலும் போடுவார்கள். ஓர் அம்மா காசைக் கண்ணில் ஒற்றிப் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். மாமா அந்தக் கையில் ஒரு கொடியை வைத்தார். அவள் அதைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள்.

“விபூதி இல்லீங்களா?”

மாமா கொடி நாள் என்றால் என்ன, அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று முதலில் இருந்து ஆரம்பித்தார். அவர் எல்லை வரைக்கும் வருவதற்குள் பின்னால் வந்த கூட்டம் அந்த அம்மாவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அடுத்து வந்தவர் கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எந்தக் கட்சி என்று கேட்டார். இன்னொருவர் எந்த மடம் என்று கேட்டார். மாமா ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கம் சொன்னார். ஒருவருக்கு விளக்குகிற நேரத்தில் நூறு பேர் தாண்டிப் போனார்கள். பக்கத்தில் மஞ்சள் துணி கட்டிய ஒருவர் தட்டில் விபூதியும் கற்பூரமும் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் அள்ளிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரும் போல ஆகிவிட்டது. அக்காவின் பரீட்சை கண்ணெதிரே நடந்து போய்க்கொண்டிருந்தது.

முட்டி வலி தாங்காமல் மாமா எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சில் கொஞ்சம் உட்காரப் போனார். உண்டியலைக் கடைப் படியில் என்னிடம் வைத்துவிட்டு, நகரக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் நகர்ந்தேன். டப்பாவையும் இடுக்கிக்கொண்டு எமலிங்கத்துக்கு ஓடினேன். அங்கே தூண் மாடத்தில் பக்தர்கள் பூசிக்கொண்டது போக மிச்சம் கொட்டிய விபூதி எப்போதும் குவிந்து கிடக்கும். ஒரு பேப்பரில் அள்ளிக்கொண்டு வந்து படியில் கடை பரப்பினேன்.

பிறகு விளக்கமே தேவைப்படவில்லை. காசு விழும், நான் விபூதி கொடுப்பேன், கூடவே ஒரு கொடி. விபூதியைப் பூசிக்கொண்டவர்கள் கொடியையும் பிரசாதம் என்றே நினைத்துப் பைக்குள் பத்திரப்படுத்தினார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கொடியைத் தலையில் செருகிக்கொண்டு உண்டியலைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்கு முன்னால் வரிசையே நின்றது.

மாமா திரும்பி வந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். முகம் சிவந்துவிட்டது.

“இன்னா பாப்பா இது? நான் என்ன கோயில் வாசல்ல உக்காந்து பிச்சையா எடுக்கறேன்?”

அதற்குள் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மாமாவின் மெடல்களைப் பார்த்துவிட்டார். என் மகனும் காஷ்மீரில்தான் இருக்கிறான் என்று சொல்லி, இடுப்பில் சுற்றி வைத்திருந்த நோட்டை எடுத்துப் போட்டு, விபூதி வாங்கி மாமாவின் நெற்றியிலேயே பூசிவிட்டார். மாமாவால் என்னைத் திட்டவும் முடியவில்லை, வரிசையைக் கலைக்கவும் முடியவில்லை. கடைசியில் அவரும் பக்கத்தில் நின்று கொடி குத்த ஆரம்பித்தார். மலைமேல் தீபம் ஏறி, எல்லாரும் அரோகரா போட்ட நேரத்தில் உண்டியலில் இன்னொரு காசு போட இடமில்லை. மாமா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். நான் பின்னால் மிதப்பில் வந்தேன்.

அடுத்து ஆபீஸ் திறந்த நாளில் அக்கா தன் குண்டுக் கையெழுத்தில் மனுவை எழுதி, நான்காக மடித்து, மாமாவின் சட்டைப் பையில் தானே வைத்தாள். மறக்காமல் கொடுங்கள் அப்பா என்று இரண்டு தரம் சொன்னாள். மாமா தலையாட்டினார். வசூலில் எனக்கும் பங்கு உண்டு என்று அழுது நானும் கூடப் போனேன்.

அலுவலக வராந்தாவில் ஒரு நீளமான பெஞ்ச் கிடந்தது. அதில் மனுக்காரர்கள் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள்தான் ஜாஸ்தி. நாங்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்போம். ஆனால் உண்டியலைத் தூக்கிப் பார்த்த கிளார்க் வாயெல்லாம் பல்லாக எங்களை நேரே உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். மாமாவைத் தன் எதிரே நாற்காலியில் உட்காரவைத்தார். டீ வந்தது, எனக்கு பிஸ்கட் வந்தது. தனி ஆளாக இவ்வளவு யாரும் கொண்டுவந்ததில்லை என்று அவர் சொன்னார். பீரோவில் இருந்து ஒரு சால்வையை எடுத்து மாமாவுக்குப் போர்த்தினார். மனுவைக் கொண்டுவரச் சொன்ன அதே கிளார்க் செல்போனில் போட்டோ எடுத்தார். சால்வை சட்டைப் பையை மூடிக்கொண்டு மாமாவின் மடி வரை தொங்கியது.

அப்புறம்தான் அது நடந்தது. அந்த நல்ல மனிதர் தானாகவே கேட்டார்.

“உங்களுக்கு எதுனா உதவி வேணும்னா தயங்காம சொல்லுங்க.”

நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார்.

“ஒண்ணும் வேணாம் சார். நல்லா இருக்கோம்.”

எனக்கு உயிரே போய்விட்டது. சால்வையின் நுனியைப் பிடித்து இழுத்தேன். மாமா என் கையை மெதுவாக எடுத்துவிட்டு, பாப்பாவுக்குத் தண்ணீர் வேண்டும் போலிருக்கிறது என்றார். உடனே தண்ணீர் வந்தது. குடித்துத் தொலைத்தேன். வெளியே வரும்போது பெஞ்சில் இருந்தவர்கள் மாமாவின் சால்வையைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஏன் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்று குடைந்தேன். அப்புறம் கொடுத்துக்கலாம் பாப்பா என்று மட்டும் சொன்னார். வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் நான் அத்தையிடம் ஒப்பித்தேன். அத்தை சால்வையைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தாள்.

“காலேஜ்ல இத ஃபீஸா வாங்கிப்பாங்களா?”

மாமா சுவரோரம் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு பேருக்குக் குடுக்க வந்த ஆளுன்னு நெனச்சி எதிர்ல உக்கார வச்சாரு. அந்த நாற்காலில உக்காந்துகினு எப்படிடி கேக்கறது?”

“காலி டப்பாவ எடுத்துகினு போயிருந்தா வெளிய பெஞ்சில உக்கார வச்சிருப்பாங்க. வாயத் தொறந்து கேட்டிருப்பீங்க,” என்றாள் அத்தை.

அத்தை என்ன பேசுகிறாள் என்றே எனக்குப் புரியவில்லை. யாராவது காலி டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் காசு கேட்பார்களா? கோபத்தில் உளறுகிறாள் என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு முன்னால் மாமா விடுதி முதலாளியிடம் முன்பணம் வாங்கி ஃபீஸ் கட்டினார். அங்கே கேட்க அவருக்கு நாக்கு எழுந்தது. அந்த மனு அத்தையின் கையால்தான் ஆபீஸ் போய்ச் சேர்ந்தது. அவளை பெஞ்சில்தான் உட்காரவைத்தார்கள். பணமும் வந்தது, அக்கா பரீட்சை எழுதி ரிசல்ட்டும் வந்த பிறகு. இன்று நான் வேலை பார்க்கும் ஆபீசிலும் டிசம்பரானால் உண்டியல் மேஜை மேஜையாக வருகிறது. ஸ்கேன் பண்ணிப் போட ஓர் அட்டைகூட ஒட்டியிருக்கிறார்கள். நான் எரிச்சலோடு போடுகிறேன், போடாமலும் இருக்க முடியவில்லை.

ஆனால் சால்வையோடு திரும்பி வந்த அன்று சாயங்காலம் எனக்கு அக்காவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. அவள் மாமாவின் பையில் இருந்து மனுவை எடுத்து, கசங்கிய இடங்களைத் தொடைமேல் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். அவளைத் தேற்ற வேண்டும் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நெடுநேரம் யோசித்துக் கண்டுபிடித்த வழியைச் சொன்னேன்.

“கவலப்படாதக்கா. அடுத்த வருசம் ரெண்டு டப்பா வாங்கிக்கலாம். ரெண்டையும் நானே ரொப்பித் தரேன். அப்ப மாமா கண்டிப்பா கேப்பாரு.”

அக்கா நீவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். என் வாயோரம் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டாள்.

“வேணாண்டி,” என்றாள்.

இரண்டு போதாது என்கிறாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, மூன்று டப்பாவுக்கு எவ்வளவு விபூதி வேண்டியிருக்கும் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.