குல்லாவுக்குப் போட்ட ஈரத்துணி

புயல் கடந்தும் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. கம்பங்கள் சம்பா வயலில் படுத்துக் கிடந்தன. கும்பகோணம் சாலை முழுக்க மரங்கள். என் மனைவிக்கு இழுப்பு உண்டு. காலையும் மாலையும் நெபுலைசர் வைத்தாக வேண்டும். அதற்காகத்தான் அந்த இன்வெர்ட்டரைக் கட்டினேன்.

நான் இதையெல்லாம் படித்தவன் இல்லை. கெட்டுப்போன ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டவன். ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து 2N3055 என்ற பவர் டிரான்சிஸ்டர் இரண்டைக் கழற்றினேன். உலோகத் தொப்பி போல இருப்பதால் எங்கள் தெருவில் அதற்குக் குல்லா என்று பேர். சூடு இறங்க அலுமினியத் தகட்டில் இரண்டையும் முடுக்கி, டிரான்ஸ்ஃபார்மர் சேர்த்து, பங்காளி டிராக்டரின் பேட்டரியில் மாட்டினேன். இரண்டு குல்லாவும் மாறி மாறி வேலை செய்ய, பேட்டரி கரண்ட் வீட்டுக் கரண்டாக வரும். காலையில் நெபுலைசர் உறுமிக்கொண்டே ஓடியது.

"உறுமினா உறுமட்டும், மூச்சு வருதுல்ல" என்றாள் அவள்.

அந்த உறுமல் தெருவுக்கே கேட்டுவிட்டது. எதிர்வீட்டு அக்கா போனும் சார்ஜருமாக வந்தார்.

"சிங்கப்பூர்லேர்ந்து பையன் கூப்பிடுவான் தம்பி. எடுக்கலன்னா அம்மாவ வெள்ளம் கொண்டு போயிடுச்சுன்னு அங்க ஒக்காந்து அழுவான். ஒரு சொட்டு ஏத்திக் குடுங்க."

கரண்டை ஒரு சொட்டு என்று கேட்டதிலேயே நான் கவிழ்ந்துவிட்டேன். பின்னாலேயே தெரு வந்தது. "ஒங்க வீட்டுக்காரரு தனியா கரண்ட் ஆபீஸே தொறந்துட்டாரு" என்று என் மனைவியிடம் கிண்டல் வேறு. எல்லோருக்கும் வெளியூரில் ஒரு பிள்ளை. யாரை நான் வேண்டாம் என்பது?

மதியம் வயலில் நின்ற தண்ணீரை வடியவிடப் போக வேண்டியிருந்தது. அக்காவைத் தகட்டருகே உட்கார வைத்தேன்.

"அப்பப்ப தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியலன்னா எல்லாத்தயும் புடுங்கிடுங்க."

திரும்பி வந்தபோது வாசலிலேயே கருகல் நாற்றம். குல்லாக்களின் மேல் ஒரு துண்டு, காய்ந்து, ஓரம் பழுப்பேறிக் கிடந்தது.

"கொதிச்சுது தம்பி. அடுத்தவங்க போனப் புடுங்க எனக்கு மனசு வரல. காச்சக்காரப் புள்ளைக்குப் போடுற மாதிரி ஈரத்துணி போட்டேன். கப்புனு அடங்கிடுச்சு."

ஈரம் இருந்தவரை அடங்கியிருக்கும். காய்ந்ததும் அதே துண்டு கம்பளி. சூடாக ஆக அதிகக் கரண்டை இழுக்கும், இழுக்க இழுக்க இன்னும் சூடாகும் பிறவி அந்தக் குல்லா. மீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டும் போய்விட்டன. மாற்றிப் போட வேறு இல்லை. கடையோ மரங்களுக்கு அந்தப் பக்கம்.

பொழுது சாய்கையில் என் மனைவிக்கு இழுக்க ஆரம்பித்தது. முழங்காலில் கையூன்றி, முன்னால் குனிந்து, ஒவ்வொரு மூச்சையும் தேடி எடுத்தாள். எதையாவது பற்றவைத்துப் பார்ப்போம் என்று சாலிடரிங் அயர்னோடு நின்றேன். சூடாக்க அதற்கும் கரண்ட் வேண்டும் என்பது கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, பேட்டரியைத் திரும்ப டிராக்டரில் மாட்டினோம். சாவியைத் திருப்பினால் டிக் என்ற சத்தம்தான். இருந்ததையெல்லாம் போன்கள் குடித்திருந்தன. தெருவே சேர்ந்து டிராக்டரை ஆற்றங்கரைச் சரிவு வரை தள்ளியது. சரிவில் உருண்டு ஒருவழியாகக் கிளம்பியது. பங்காளி ஓட்ட, பின்னால் டிரெய்லரில் அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். வாய்க்கால் கரையோடு போனோம். அந்தக் குலுக்கலில் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதருகே சொன்னாள்:

"துண்டப் பத்தி... அக்காகிட்ட... பேசாதீங்க."

பக்கத்து ஊர் சுகாதார நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முகமூடியை மாட்டினார்கள். இழுப்பில் நெஞ்சு ஏறி இறங்குவது இன்னும் நிற்கவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அக்காவின் இடுப்பில் போன் அடித்தது.

"நல்லா இருக்கேன்டா" என்றார். "நம்ம தம்பி வீட்டுலதான் சார்ஜு போட்டேன். ஃபுல்லா இருக்கு, நீ பேசு."