ரஞ்சிதம் பாதியில் விட்ட புருவம்

புருவம் எடுக்கும் நூலின் ஒரு முனை பல்லிடுக்கில் இருக்கும்வரை ரஞ்சிதம் பேச மாட்டார். பேச முடியாது. சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைக்குள் வரிசை பிடித்து நிற்கும். நாலு இழுப்பு இழுத்துவிட்டு நூலை வாயிலிருந்து எடுத்தார் என்றால், "அதான் லா நான் சொல்றேன்" என்று மடை திறந்துகொள்ளும். நாற்காலியில் சாய்ந்திருப்பவரோ கண்ணை மூடி, இரண்டு விரலால் இமையை இழுத்துப் பிடித்தபடி, மறுத்துப் பேச வழியில்லாமல் கிடக்க வேண்டும். உலகத்தில் எங்காவது ஓர் ஆட்சி கவிழ்ந்தால் சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு புருவம் முடிய நேரமாகும்.

பஃப்ளோ ரோட்டில் காய்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அவருடைய பார்லர். மகள் பெயரில் 'ரோஷினி பியூட்டி கேர்' என்று பலகை. அந்த ரோஷினி மட்டும் அம்மாவிடம் புருவம் திருத்திக்கொள்வதில்லை. "அம்மா நியூஸ் வாசிப்பாங்க, ஐ காண்ட்" என்று சொல்லி வேறு கடைக்குப் போய்விடுகிறாள். சாய்வு நாற்காலி ஒன்று, பவுடர் டப்பா, கற்றாழை ஜெல், காத்திருப்பவர்களுக்கு ஒரு சிவப்பு சோபா. முகக் கண்ணாடியில் சாய்த்து வைத்த கைப்பேசியில் எந்நேரமும் ஏதாவது செய்திக் காணொளி ஓடும். ஒரு கண் புருவத்தில், ஒரு கண் உலகத்தில். ஆனாலும் கோடு ஒருநாளும் பிசகியதில்லை. அதற்காகத்தான் நான் புக்கிட் பாத்தோக்கிலிருந்து ரயிலேறி வருகிறேன்.

புருவத்தைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவேன் என்பது அவருடைய நெடுநாள் பெருமை. "இது தஞ்சாவூர்ப் புருவம். நடுவுல திமிரா நிக்குது பாரு." "இது கேரளா. கறுகறுன்னு மழைக்கு வளர்ந்த மாதிரி." என் புருவத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா பக்கம் காரைக்குடிதானே?" என்றார். இல்லையக்கா, திருநெல்வேலி என்றேன். "அப்ப அம்மா பக்கம்." அம்மாவும் திருநெல்வேலிதான் என்றேன். "விசாரிச்சுப் பாருங்க. எங்கியோ ஒரு காரைக்குடி இருக்கும்" என்று சொல்லிவிட்டு நூலை வாயில் கவ்விக்கொண்டார். அதற்கு மேல் வழக்காட முடியாது.

ஜூலை பிறந்துவிட்டால், ஆகஸ்டில் வரும் தேசிய தினத்துக்காக அவருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். ஈசூனில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் முதல் தேசியக் கொடி அவர் வீட்டு வாசலில்தான் தொங்க வேண்டும். வட்டாரக் குழுவினர் வந்து கட்டிவிட்டுப் போகும்வரை பொறுக்க மாட்டார். கொடியைக் கையால் அலசி, நிழலில் காயவைத்து, மேலே வெள்ளைத் துணி விரித்து இஸ்திரி போடுவார். கணவர் ஷங்கர் தாழ்வாரத்துச் சுவரில் கட்ட, இவர் கீழே கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் உத்தரவு போடுவார். "லெஃப்ட் சைடு இறங்குது பாருங்க... ஐயோ, தரையில படுது, தூக்குங்க!" ஒருமுறை பக்கத்து வீட்டு அழகப்பன் பிறை கீழே போகும்படி தலைகீழாகக் கட்டிவிட்டார். அந்த மனிதர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றும் பார்க்காமல் கதவைத் தட்டி, எழுப்பி, அவிழ்த்துக் கட்டவைத்திருக்கிறார். "கொடி லா அது. காயப்போட்ட கைலியா?" இதை என்னிடம் பெருமையோடு சொன்னதும் அவரேதான்.

அப்படிப்பட்டவர் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்துகொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வாரம் ஒரு நாட்டில் புதிதாக வந்த ஆட்சி தேசியக் கொடியை மாற்றிவிட்டிருந்தது. பழைய கொடியைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். புதுக் கொடிதான் சட்டம் என்று ராணுவமும் இறங்கிவிட்டது. எந்த நாடு என்று நான் எழுதப் போவதில்லை. ரஞ்சிதம் கேட்டுக்கொண்டார்: "அந்தப் புள்ள வேலைக்கு ஏதும் ஆயிடக் கூடாது. பேரெல்லாம் போடாதீங்க."

அங்கே ஓர் இளைஞன் விளக்குக் கம்பத்தில் ஏறிப் பழைய கொடியைக் கட்டப் போகிறான். கண்ணீர்ப்புகை வருகிறது. கைநழுவிக் கீழே விழுகிறான். அந்தக் காணொளிக்கு யாரோ ஒரு புண்ணியவான் நகைச்சுவை இசையைச் சேர்த்து அனுப்பியிருந்தார். எங்கள் குடும்பக் குழுவில் வந்தது. ரஞ்சிதத்தின் கோயில் குழுவில் வந்தது. கீழே காய்கறிக் கடையில் அதை ஓடவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உலகமே பார்த்துச் சிரித்துவிட்டுக் காலைப் பசியாறப் போயிருந்தது.

அன்று நாற்காலியில் இருந்தவள் தோ பாயோவில் வீட்டு வேலை செய்யும் பெண். விடுமுறை ஞாயிறுகளில் தோழி ஒருத்தியோடு வருவாள். அந்தத் தோழி சூராபாயாக்காரி. அதனால் இவளையும் சூராபாயா என்று ரஞ்சிதம் முடிவு கட்டியிருந்தார். "இந்தோனேசியாப் புருவம், பார்த்தாலே தெரியுது" என்று தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. "வா லா, சூராபாயா, உட்காரு" என்றுதான் கூப்பிடுவார். அவளும் சிரித்துக்கொண்டே வந்து உட்காருவாள். முதலாளியம்மாவும் ஒரு பெயர் வைத்திருப்பார், ரஞ்சிதமும் ஒரு பெயர் வைத்தால் என்ன என்று நினைத்திருப்பாளோ என்னவோ.

வலது புருவம் முடிந்தது. ரஞ்சிதம் நூலை வாயிலிருந்து எடுத்தார்.

"பாருங்க லா, ஒரு துணிக்காக! வேல வெட்டி இல்லாதவனுங்க. இவனுங்க கத்துனா கவர்மெண்ட் கேக்குமா? இங்க இப்படி ரோட்டுல இறங்கிட முடியுமா? இறங்குனா நாளைக்கு வேல இருக்குமா?"

சொல்லிவிட்டு, நூலைக் கையில் பிடித்தபடியே அந்த இளைஞன் கம்பத்தில் ஏறுவதையும் வழுக்கி விழுவதையும் நடித்துக் காட்டினார். ரஞ்சிதம் நன்றாக நடிப்பார். சோபாவில் இருந்த எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியில் இருப்பவளுக்குப் புரியவில்லையே என்று அவளுக்காக ஆங்கிலத்திலும் சொன்னார். "யூ சீ திஸ் பீப்பிள். ஒன் பீஸ் கிளாத், ஆல் ஃபைட்டிங், கிரேஸி லா." கைப்பேசியைத் திருப்பி அவள் கண்ணுக்கு நேரே காட்டவும் செய்தார்.

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. புருவத்துக்கு நூல் போடும்போது யாருக்கும் கண்ணில் நீர் வரும். பழகியவர்களுக்கும் வரும். கண்ணீரைப் பார்த்துப் பார்த்து ரஞ்சிதத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லாமல் போய்விட்டது. "டுடே வொய் சோ பெயின்? ஃபினிஷ் ஆல்ரெடி, ஒன் சைட் ஒன்லி" என்று இடது புருவத்தில் பவுடரைத் தடவினார். நீர் நிற்கவில்லை. பவுடர் கரைந்து காதுப் பக்கம் ஓடியது. அவர் மறுபடியும் துடைத்து, மறுபடியும் பவுடரைத் தடவினார்.

தோழிதான் சோபாவிலிருந்து எழுந்தாள்.

"ஆன்ட்டி, தட் ஒன் ஹெர் கன்ட்ரி." கைப்பேசியைக் காட்டினாள். "ஹெர் பிரதர் ஆல்சோ கோ. நௌ கால், நோ ஆன்சர்."

அவளுடைய நாடு. அந்தக் கூட்டத்தில் அவள் தம்பி. கூப்பிட்டால் எடுக்கவில்லை. கைப்பேசியில் அந்த இசை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். முகத்திலிருந்த பவுடரைக் கையாலேயே துடைத்துக்கொண்டாள். "இட்ஸ் ஓகே, ஆன்ட்டி" என்றாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. ஏதாவது திட்டியிருக்கலாம். ஒரு புருவம் வில்லாகவும் மறு புருவம் வந்தபோது இருந்தபடியேயும் இருக்க, மாடிப்படி இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்து என் முறை. மோகனப்பிரியா என்றொரு வங்கி ஊழியர் சோபாவில் இருந்தார். ஆறுதல் சொல்வதாக நினைத்து, "விடுங்கக்கா. அவங்க ஊர்ல எப்பவுமே ஏதாவது ஒரு சண்டைதானே" என்றார்.

"நீங்க பேசாதீங்க" என்றார் ரஞ்சிதம். "நான் பேசுனதே போதும்."

என் இரண்டு புருவத்தையும் ஒரு வார்த்தை பேசாமல் முடித்தார். அத்தனை வேகமாக எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் தோழி மட்டும் வந்தாள். "அவளுக்கு ஃப்ரீயா பண்ணித் தர்றேன்னு சொல்லு" என்று முதலில் சொல்லியனுப்பினாராம். சொல்லியனுப்பிய மறு நிமிடமே, ஃப்ரீ என்று ஏன் சொன்னோம் என்று அதற்கும் சேர்த்துக் குன்றிப் போயிருக்கிறார். தம்பியிடமிருந்து பேச்சு வந்ததா என்று கேட்டால், "நாட் யெட், ஆன்ட்டி" என்பதோடு சரி.

ஒரு வாரநாள் மத்தியானம் போயிருந்தேன். ஆள் இல்லை. ரஞ்சிதம் தானே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியை மூக்குக்கு அருகே பிடித்துக்கொண்டு, ஊர்வலக் காணொளி ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தை அணைத்திருந்தார்.

"என்னக்கா தேடுறீங்க?"

"அவ தம்பிய."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பார்த்ததில்ல. ஆனா அவ புருவம் தெரியும்ல? மூக்குகிட்ட ஒரு சின்ன சுழி இருக்கும். கூடப் பொறந்தவனுக்கும் இருக்காதா?"

நானும் குனிந்து திரையைப் பார்த்தேன். முகங்கள் எல்லாம் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தன. பாதிப் பேர் துணியால் முகத்தைக் கட்டியிருந்தார்கள், கண்ணும் புருவமும் மட்டும் வெளியே. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வெக்கமா இருக்கு" என்றார். "வீட்டுல கொடி கழட்டற நாள் வந்துச்சு. மடிச்சு வைக்கணும்னு எடுக்குறேன், ஷங்கர் என்னமோ சாதாரணமா, துணிய அங்க வைன்னு சொல்றாரு. துணியான்னு கத்திட்டேன் அவர்கிட்ட. கத்திட்டுத்தான் லா எனக்கே கேட்டுச்சு. அப்படியே கீழ உட்கார்ந்துட்டேன்."

பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எழுதறவங்கதானே? இங்கிலீஷ்ல நல்லா ஒரு சாரி சொல்லித் தாங்க. அவளப் பார்த்தா சொல்லணும்" என்றார்.

எளிதாக இருக்கட்டும் என்று, "ஐ ஆம் சாரி, ஐ டிட் நாட் நோ" என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஒருமுறை சொல்லிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"தெரியாதுன்னா? அவ இல்லாத நேரத்துல சிரிச்சிருந்தா அது சரியா? வேற யார் வீட்டுத் தம்பியோ விழுந்தான்ல? வேணாம். இந்த வார்த்த வேணாம்."

வேறு வார்த்தைகள் தந்தேன். ஒவ்வொன்றையும் துணிக்கடையில் சேலையைத் தள்ளுவதுபோலத் தள்ளிவிட்டார். ஒன்று ரொம்பச் சின்னதாம், ஒன்று ஆபீஸ் லெட்டர் மாதிரி இருக்கிறதாம். கடைசியில், "நானே யோசிக்கிறேன், விடுங்க" என்றார். நெடுநேரம் யோசித்தபடியேதான் என் புருவத்தை எடுத்தார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு சாயங்காலம். தேக்கா முழுக்கக் கூட்டம். புருவத்துக்கு வந்திருந்த மோகனப்பிரியாவிடம் பார்லரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானும் ரஞ்சிதமும் தேநீர் குடிக்க இறங்கியிருந்தோம். சிராங்கூன் சாலையைக் கடக்கும் இடத்தில் சிவப்பு விளக்குக்கு ஒரு பெருங்கூட்டம் நின்றது. ரஞ்சிதம் சட்டென்று என் முழங்கையைப் பிடித்தார். ஓர் ஆள் தள்ளி அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். தோழி இல்லை. இரண்டு புருவமும் முளைத்து ஒரே மாதிரி ஆகியிருந்தன. கையில் கைப்பேசி. அதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் ஓடவில்லை.

ரஞ்சிதம் இடையில் நின்ற ஆளை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்தது என்பதும் முகத்தில் தெரிந்தது. ரஞ்சிதத்தின் வாய் திறந்தது. நான் கொடுத்ததும் வரவில்லை, அவர் யோசித்து வைத்ததும் வரவில்லை. தம்பியைப் பற்றிக் கேட்கவும் வாய் எழவில்லை. வாயில் நூல் இல்லாதபோதும் பேசாமல் நிற்கும் ரஞ்சிதத்தை அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் இரண்டு கையையும் தூக்கி, கோயிலில் சந்நிதி முன்னால் நின்று செய்வதுபோல, கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டார். நெற்றியில் பொட்டு வைத்த ஐம்பது வயதுக்காரி நடுத்தெருவில் ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பையன் படம் பிடிக்கக் கைப்பேசியைத் தூக்கினான்.

அந்தப் பெண்ணுக்கு இது என்ன வழக்கம் என்று எப்படித் தெரியும்? தன்னைத்தானே அடித்துக்கொள்கிறார் என்று நினைத்துவிட்டாள். பதறிப்போய் ரஞ்சிதத்தின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தாள். "நோ, ஆன்ட்டி. நோ." சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. பச்சை விழும்வரை பிடித்த கையை விடவில்லை. பச்சை விழுந்ததும் விட்டாள். கூட்டத்தோடு நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ரஞ்சிதம் நின்ற இடத்திலேயே நின்றார். எல்லோரும் கடந்து போய், விளக்கில் பச்சை மனிதன் படம் மின்னி மின்னி மறுபடி சிவப்பாகிவிட்டது. எதிர்ப்பக்கக் கூட்டத்துக்குள் அந்த முதுகு இன்னும் கொஞ்சம் தெரிந்தது. அதைப் பார்த்தபடி, இந்த முறை மெதுவாக, இன்னும் இரண்டு தரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.