மூன்று லென்ஸும் அக்காவின் படமும்

ருஷ்யா லென்ஸை மூக்கருகே கொண்டுபோனால் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டது போல ஒரு கனத்த வாசம் வரும். ஜெர்மன் லென்ஸில் அதன் தோல் உறையின் வாசம் ஒட்டியிருக்கும். ஜப்பான் லென்ஸுக்கு வாசமே கிடையாது. அதனாலோ என்னவோ அப்பா அதை மதிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கையில் கொடுத்தால்கூட எது எந்த நாட்டுச் சரக்கு என்று பத்து வயதில் நான் சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்லுவேன், பந்தயம் வேண்டுமானாலும் வையுங்கள்.

அறுபதுகளில் தாராவியில் அப்பா ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். முன்னால் படம் எடுக்கும் அறை, அதற்குள்ளேயே பலகை அடைத்து ஒரு இருட்டறை, பின்னால் நாங்கள் குடியிருந்த வீடு. கேமரா ஒன்றுதான். ஆனால் மூன்று லென்ஸுக்கும் பின்பக்கத்து மரை ஒன்றாகவே இருந்ததால் ஒன்றைத் திருகிக் கழற்றி இன்னொன்றைத் திருகி மாட்டலாம். மூன்றும் வேறு வேறு கை மாறி வந்தவை. ஊரைவிட்டுப் போன ஒரு பார்சிக்காரரிடமிருந்து ஜெர்மன் வந்தது. சோர் பஜாரில் பழைய இரும்புச் சாமான்களுக்கு நடுவே கிடந்தது ருஷ்யா. கப்பலில் வேலை பார்த்த சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது ஜப்பான்.

எந்த லென்ஸ் உசத்தி என்று கண்டுபிடிக்க அப்பாவிடம் ஒரு வழி இருந்தது. மாட்டுங்கா பாத்திரக்கடையில் கொடுத்த தினசரி காலண்டரைச் சுவரில் மாட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் படம் பிடிப்பார். நெகட்டிவைக் கழுவி ஈரத்தோடு பூதக்கண்ணாடியில் வைத்துப் படிப்பார். பெரிய தேதி எண்ணை எந்த லென்ஸும் காட்டிவிடும். கீழே பொடி எழுத்தில் இருக்கிற ராகுகாலம், குளிகை, சூலம் வரைக்கும் யார் படிக்கிறான் என்பதுதான் பரீட்சை. ஜெர்மன்காரன் மூலைக்கு மூலை படித்தான். ருஷ்யாக்காரன் நடுவில் நன்றாகப் படித்தான், ஓரத்துக்குப் போனதும் எழுத்தெல்லாம் கரைந்து சுழன்றது. ஜப்பான்காரனை அப்பா பரீட்சைக்கே உட்கார வைக்கவில்லை. கையில் தூக்கிப் பார்த்தார், லேசாக இருந்தது, "வெயிட் இல்லாத சாமானுக்கு என்னடே பரீட்சை?" என்று அலமாரியில் வைத்துவிட்டார். குழந்தைகள் அசையாமல் இருக்க மாட்டார்கள், எப்படியும் படம் கலங்கிப்போகும் என்று குழந்தைப் படத்துக்கு மட்டும் அதை எடுப்பார்.

பம்பாய் மழைக்காலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான்கு மாதத்தில் செருப்பு, பெல்ட், புத்தகம் எல்லாம் பூசணம் பூத்துவிடும். ஒரு மழையில் ருஷ்யா லென்ஸுக்குள்ளேயும் பூசணம் ஏறியது. கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிசாக ஒரு படலம். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் அதில் எடுத்த படத்தைப் பார்த்த பெண்கள் கொண்டாடினார்கள். முகத்தில் பரு தெரியவில்லை, கருவளையம் தெரியவில்லை, மொத்த முகமும் பால் தடவியது போல இருந்தது. அதற்குப் பிறகு பெண் பார்க்க அனுப்புகிற படமென்றால், "அண்ணாச்சி, ருஷ்யாவுலயே எடுங்க" என்று கேட்டே வந்தார்கள். "ருஷ்யாக்காரனுக்கு இளகின மனசு" என்பாள் அம்மா. பாஸ்போர்ட்டுக்கும் பத்திர வேலைக்கும் ஜெர்மன், கல்யாணத்துக்கு ருஷ்யா என்று ஆகிவிட்டது.

என் அக்கா வள்ளிக்கு அப்போது கல்யாண வயது. சின்ன வயதில் பெரியம்மை வந்து பிழைத்தவள். இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் தழும்புக் குழிகள் இருந்தன. அவள் படத்தையும் அப்பா ருஷ்யாவில்தான் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் செம்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அக்கா காப்பித் தட்டோடு வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா கைப்பையிலிருந்து படத்தை எடுத்தார், படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "படத்துல வேற பொண்ணு மாதிரில்லா இருக்கு" என்றார். காப்பியை யாரும் தொடவில்லை. அவர்கள் போன பிறகு அக்கா அத்தனை டம்ளரையும் ஒவ்வொன்றாக வாளியில் கொட்டினாள். அழவில்லை. பல நாள் அவள் ஸ்டுடியோ பக்கம் வரவே இல்லை.

அடுத்த வருஷம் உல்லாஸ்நகரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்திலிருந்து படம் கேட்டு அனுப்பினார்கள். அம்மா ருஷ்யா லென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அக்கா அதை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"யப்பா, எடுத்தா ஜெர்மன்ல எடுங்க. இல்லன்னா எடுக்காதிய."

"ஏட்டி, ஜெர்மன்காரன் ஒவ்வொரு குழியையும் எண்ணிக் காட்டுவான்" என்று அம்மா பதறினாள்.

"எண்ணிட்டே வரட்டும். எண்ணிப் பாத்துட்டு வரலேன்னா நமக்குக் காப்பித்தூளு மிச்சம்."

அப்பா இரண்டு பேரையும் பார்த்தார். "ஞாயித்துக்கெழம காலைல எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

இனிமேல் சொல்லப்போவது என் குற்றம். இதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஜெர்மன் லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்தால் கண்ணாடியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நீலம் தெரியும். அது கறை என்று நான் நினைத்தேன். எங்கள் வீட்டில் அரிக்கேன் விளக்கின் சிம்னியைத் துடைப்பது என் வேலை. திருநீறு போட்டுப் பழைய வேட்டித் துணியால் தேய்த்தால் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும். அக்கா அவ்வளவு ஆசையாகக் கேட்ட லென்ஸ், அதில் கறை இருக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை அப்பா குளிக்கப் போன நேரத்தில், சாமி படத்துக்கு முன்னால் இருந்த மரவைக் கிண்ணத்திலிருந்து ஒரு பிடி திருநீறு எடுத்து, நீலம் மொத்தமும் போகும்வரை சிரத்தையாகத் தேய்த்தேன். அந்தக் காலத்து ஜெர்மன் லென்ஸின் நீலப் பூச்சு மிக மென்மையானது. வெளிச்சம் கண்ணாடிக்குள் சிதறிவிடாமல் காப்பதே அந்தப் பூச்சுதான் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அப்பா படம் எடுத்தார். மத்தியானம் இருட்டறையிலிருந்து பிரிண்டைக் கொண்டுவந்து வைத்தார். அக்காவின் முகம் பால் தடவியது போல இருந்தது. ஒரு குழிகூட இல்லை.

"பாத்தியளா? ஜெர்மன்காரனுக்கும் மனசு இருக்கு!" என்று அம்மா கைதட்டினாள்.

அப்பா லென்ஸை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடி முழுக்க முடி முடியாகக் கீறல். "யாருல இதத் தொட்டது?" என்றார். நான் பெருமையாகவே சொன்னேன், கறையைத் துடைத்தேன் என்று. அடி விழும் என்று அம்மா என்னை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அப்பா அடிக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, "அது கறை இல்லல. அதுதாம்ல அதோட கண்ணு" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால் எனக்கு இவ்வளவு காலம் நினைவு இருந்திருக்காது.

அம்மாவுக்கோ வேறு கணக்கு. "போனது போச்சு. இந்தப் படத்தையே அனுப்புங்க. ஜெர்மன்லதான எடுத்தோம்? இதுல பொய் எங்க இருக்கு?" என்றாள். அப்பாவின் முகத்தில் ஒரு நிமிஷம் ஆசை வந்து போனதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். பிரிண்டை எடுத்து இரண்டாகக் கிழித்துவிட்டு, அலமாரியிலிருந்து ஜப்பான் லென்ஸைக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்தாள்.

"இத மாட்டுங்க."

"வெளையாட்டுச் சாமான்ட்டி அது."

"நீங்க பரீட்சை வச்சியளா? வைக்காமலே பெயில் போட்டா எப்டி? என்னையும் இப்டித்தான பாத்துட்டுப் போறாவ."

அப்பா எழுந்தார். காலண்டரை மாட்டினார். நெகட்டிவைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட பூதக்கண்ணாடியில் வைத்து வாய்விட்டுப் படித்தார். ராகுகாலம் படித்தார். குளிகை படித்தார். சூலம் படித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலண்டரின் அடி ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது போல இருந்த அச்சகத்தின் பெயரையும் ஊரையும் படித்தார். ஜெர்மன் நெகட்டிவில் அந்த வரியை அவர் ஒருநாளும் படித்ததில்லை.

"ஏக்தம் பக்கா, ஒரு கொறையும் இல்ல" என்றார், கொஞ்சம் கோபமாக. தப்புக் கணக்குப் போட்டதற்குத் தன்மேலேயே வந்த கோபம் அது.

அன்றைக்குச் சாயங்கால வெளிச்சத்திலேயே ஜப்பான் லென்ஸில் அக்காவை எடுத்தார். அந்தப் படத்தில் குழிகள் அத்தனையும் தெரிந்தன. அவற்றோடு, ருஷ்யா எப்போதும் அழித்துவிடுகிற மற்றதும் தெரிந்தது. அவள் புருவம், கண்ணுக்குள் விழுந்திருந்த ஜன்னல் வெளிச்சம், கிண்டல் பேசுவதற்கு முன்னால் உதட்டோரம் வருகிற சின்ன மடிப்பு. அம்மா அதை உறையில் போடும்போது இரண்டு தடவை வெளியே எடுத்துப் பார்த்தாள்.

பதில் வர நாளாயிற்று. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வீடே வாசலைப் பார்க்கும். அக்கா மட்டும் ஒன்றும் கேட்காதது போல அரிசி புடைப்பாள். லென்ஸைக் கெடுத்த நான்தான் ஒவ்வொரு தடவையும் முதலில் ஓடிப்போவேன்.

வந்தார்கள். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மட்டும், டிரெய்ன் பிடித்து, வியர்த்துப்போய். அந்த அம்மாவும் கைப்பையிலிருந்து படத்தை எடுத்ததும் நான் அக்காவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், உள்ளே போட்டுவிட்டார்.

எங்கள் அம்மாவால் பொறுக்க முடியவில்லை. "சின்னதுல பெரியம்மை வந்துச்சு மைனி, அதான்..." என்று ஆரம்பித்தாள்.

"அதான் படத்துல இருக்கே மைனி. தெரியாமலா உல்லாஸ்நகர்லேர்ந்து வாறோம்? காப்பி ஆறுது, குடுக்கச் சொல்லுங்க."

மாப்பிள்ளை இரண்டு டம்ளர் குடித்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு அப்பா ஒரு காரியம் செய்தார். அவருடைய வாழ்நாளிலேயே பெரிய காரியம் அது என்று நான் நினைக்கிறேன். படம் எடுக்க வருகிற பெண்ணின் அம்மாவிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணிடமே கேட்டார்: "எதுலம்மா எடுக்கட்டும்? ருஷ்யாவா, ஜப்பானா?" ருஷ்யா கேட்டவர்களும் உண்டு, அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஜப்பான் கேட்கிற பெண்ணுக்கு மட்டும் கூட ஒரு பிரிண்ட் சும்மா கொடுப்பார்.

இன்று அந்த ஸ்டுடியோ இருந்த இடத்தில் மொபைல் கடை இருக்கிறது. பழைய லென்ஸ்களை மறுபடியும் தேடி வாங்குகிற இளைஞர்கள் என்னிடம் வந்து, எந்த நாட்டுச் சரக்கு உசத்தி என்று கேட்கிறார்கள். நான் தயங்காமல் சொல்லுவேன்: நாட்டைப் பார்க்காதீர்கள், கனத்தைப் பார்க்காதீர்கள், பொடி எழுத்தைப் படம் பிடித்துப் பாருங்கள், நீலத்தைத் தேய்க்காதீர்கள்.

இருட்டறை போயிற்று, ஃபிலிம் ரோல் போயிற்று, படத்தை உறையில் போட்டு அனுப்பிவிட்டுத் தபால்காரருக்குக் காத்திருந்ததும் போயிற்று. ஆனால் போனவற்றிலேயே பெரியது பெரியம்மை. உலகத்தில் எங்கேயுமே இப்போது அந்த நோய் இல்லை. போன மாதம் உல்லாஸ்நகருக்குப் போயிருந்தபோது என் பேரன் அக்காவின் கன்னத்தில் விரலை வைத்து, "யே க்யா ஹை?" என்று இந்தியில் கேட்டான், இது என்னவென்று. அவன் வயதுக்கு அப்படி ஒரு முகத்தை அவன் பார்த்ததே இல்லை. நான் அவன் கையைப் பிடித்து இழுக்கப் போனேன். அக்கா என்னைத் தள்ளிவிட்டாள். நாற்காலியை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, முகத்தை வெளிச்சத்துக்குக் கொடுத்தாள்.

"இங்கன வாடே. நல்லாப் பாத்துக்கோ. இனிமே இத வேற எங்கயும் பாக்க முடியாது."