தியேட்டர் வாசலில் மாட்டிய மஞ்சள் கவர்

ஆஸ்பத்திரிக் குப்பையை நிறம் பிரித்துப் போட வேண்டும் என்ற சட்டம் வந்த புதிது. திருவண்ணாமலையில் ஒரு தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ரத்தம் பட்ட பஞ்சு, நஞ்சுக்கொடி எல்லாம் மஞ்சள் கவருக்கு; ஊசிக்குத் தனி டப்பா. எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். நோயாளியோடு வருகிறவர்களுக்கு யார் எடுப்பது?

அன்று கீழ்பென்னாத்தூரிலிருந்து கலா என்ற பெண் வந்தாள். தலைப்பிரசவம், அவசர சிசேரியன். தாலியைக் கழற்றி மாமியாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே கொண்டுபோனோம். பெண் குழந்தை. இருவரும் நலம். வெளியே வந்து மாமியாரிடம், "தாலியக் குடுங்கம்மா, போட்டுடலாம்" என்றேன்.

"கர்ச்சீப்ல முடிஞ்சி அந்த மஞ்சப் பையிலதான் வெச்சேன் சிஸ்டர். ரத்தம் வாங்கியாரச் சொன்னீங்க, ஓடணும். தாலியக் கீழ வெக்க மனசு வரல. பை புதுசா, மங்கலமா தொங்கிச்சு."

தியேட்டர் வாசலில் கவர் மாட்டும் ஸ்டாண்ட் காலியாக நின்றது. ஆயா கவரை உள்ளே எடுத்துப்போய், ஆபரேஷன் முடிந்ததும் நிரப்பிக் கட்டி, பின்பக்கம் கழிவு புதைக்கும் குழிக்கு அனுப்பிவிட்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகைக்கே மஞ்சள் தடவிக் கொடுக்கும் ஊரில், கழிவுக்கு மஞ்சள் என்று தீர்மானித்த புண்ணியவானைத் திட்டிக்கொண்டே பின்பக்கம் ஓடினேன்.

துப்புரவு வேலை பார்க்கும் முனியம்மா கவரைக் குழியில் போடப் போனாள். விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போய் முடிச்சை அவிழ்த்துக் கையை விடப் பார்த்தாள்.

"கைய வெக்காத. எவனாவது ஊசியப் போட்டிருந்தா உன் கதி என்னாவறது?"

தார்ப்பாயில் கொட்டி, நீள இடுக்கியால் விலக்கிப் பார்த்தோம். நஞ்சுக்கொடிக்கு அடியில் கர்ச்சீப் முடிச்சு இருந்தது.

கயிற்றைக் கழிவோடு விட்டுவிட்டு, தங்கப் பொட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, கத்தி, கத்தரியை நீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவில் வைத்து எடுத்தேன். அதைவிடச் சுத்தமான தாலி இந்த ஜில்லாவிலேயே இருந்திருக்காது. மாமியார் அழுதார். ஆனால் வாங்கக் கை நீட்டவில்லை.

"ரத்தத்துல கெடந்தது சிஸ்டர். தீட்டு. உருக்கி வேற செய்யணும்."

கட்டிலில் படுத்திருந்த கலா தலையைத் திருப்பினாள்.

"என் ரத்தம்தானே அத்த. எம் பொண்ணு பத்து மாசம் அதுலதானே இருந்துச்சு. அவளத் தூக்கிக் கொஞ்சறீங்க, இத வாணாங்கறீங்க."

மாமியார் மஞ்சள் கயிறு வாங்கிவரக் கடைக்குப் போனார்.

அதற்குப் பிறகும், மஞ்சள் கவரில் இருப்பது ஆபத்தானது, வெறுங்கையால் தொடாதே என்று பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அதுவரை கூடவே சொல்லிவந்த அசிங்கம் என்ற வார்த்தையை மட்டும் அன்றோடு விட்டுவிட்டேன்.