கடைசிப் பக்கத்தம்மா

நூலகத்தில் அவளைக் கடைசிப் பக்கத்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பேரை வைத்தவர் தலைமை நூலகர். புதிதாக எந்தப் படப்புத்தகம் வந்தாலும் அவள் அட்டையைப் பார்க்க மாட்டாள், எழுதியவர் யார் என்று பார்க்க மாட்டாள், நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்புவாள். "முடிவைத் தெரிஞ்சிக்கிட்டு யாராவது கதை படிப்பாங்களாம்மா?" என்று அவர் கேலி செய்வார். "நான் படிக்கிறதுக்குப் பாக்கல சார்" என்பாள். அதற்கு மேல் விளக்கம் சொல்கிற பழக்கம் அவளிடம் இல்லை.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்துவிட்டால் குழந்தைகள் பகுதியில் நிற்க இடம் இருக்காது. முதல் முறையாகப் பள்ளிக்குப் போகப் போகிற பிள்ளைகள் அலமாரிக்கு அடியில் புகுந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். பெற்றவர்கள்தான் முகம் வெளிறிப்போய் நிற்பார்கள். பள்ளிக்கூடம் போவதைப் பற்றிப் புத்தகம் வேண்டும் என்பார்கள். அவள் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிட மாட்டாள்.

"பிள்ளை எதுக்குப் பயப்படுது?"

"எல்லாத்துக்கும்தாங்க."

"எல்லாத்துக்கும் யாரும் பயப்பட மாட்டாங்க. வீட்டை விட்டா வேற எங்கயாவது பாத்ரூம் போவானா?"

பெற்றவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். அவள் கேட்டது சரியான கேள்வி. பள்ளிக்கூடத்தைப் பற்றிய புத்தகங்களில் ஊஞ்சல் இருக்கும், பூந்தொட்டி இருக்கும், கண்ணாடி போட்ட கரடி ஆசிரியர் இருப்பார், கழிவறை மட்டும் இருக்காது. வரைந்தவர் பிள்ளை வளர்த்த ஆள் இல்லை என்று அவள் முடிவு கட்டிவிடுவாள். கழிவறைக் கதவில் குட்டி யானை தயங்கி நிற்பதைப் போல ஒரு படம் இருந்தால் போதும், அந்தப் புத்தகத்துக்கு அவளிடம் தனி மரியாதை.

ஆனால் கடைசித் தீர்ப்பு கடைசிப் பக்கத்தில்தான். அவளைப் பொறுத்தவரை இந்தப் புத்தகங்களில் இரண்டே வகை. ஒன்றில் பிள்ளை வகுப்பறையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், கதை அங்கேயே முடிந்துவிடும். இன்னொன்றில் மணி அடிக்கும், பிள்ளை ஓடி வரும், வாசலில் அழைத்துப்போக ஆள் நிற்கும். முதல் வகையை அவள் தானாக எடுத்து நீட்ட மாட்டாள். கேட்டால் கொடுப்பாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"அழுகையை நிறுத்துற மாதிரி நல்லதா ஒண்ணு குடுங்க" என்று ஓர் அப்பா கேட்டார்.

"அழுகையை நிறுத்துற புத்தகம் இல்லைங்க. கூட்டிட்டுப் போக ஆள் வரும்னு சொல்ற புத்தகம் இருக்கு. அது போதும். ஆனா ஒண்ணு. சாயங்காலம் யார் போவீங்க?"

"அது... யாராவது போவோம்."

"யாராவது இல்ல. படத்துல இருக்கற மாதிரி வாசல்ல நிக்கணும். நிக்க முடியாதுன்னா இந்தப் புத்தகத்தை எடுத்துட்டுப் போகாதீங்க. வேற தரேன்."

அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார். தலைமை நூலகர் அவளைக் கூப்பிட்டு, இது நூலகமா காவல் நிலையமா என்று கேட்டார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். தம்பியை முதல் முதலாகப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தவள் அவள்தான். அம்மா ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தாள். அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அவன் அலறிய அலறல் தெருமுனை வரைக்கும் கேட்டது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் கண் வீங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நீ விட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன்" என்றான். திரும்பி வருவேன் என்று அவனிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. பெரியவர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதனால் சொல்லவில்லை.

தம்பி படித்தான், வேலைக்குப் போனான், கல்யாணம் பண்ணிக்கொண்டான். அவள் நூலகத்துக்குப் போனாள், படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். பெண் கேட்டு வந்தவர்கள் அப்பாவின் படுக்கையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். அப்பாவும் போன பிறகு தையல் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறையில் அவளும் தையல் இயந்திரத்தின் கடகட சத்தமும் மட்டும் மிஞ்சின. அப்போதுதான் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருவருக்கும் தூரத்து நகரத்தில் வேலை. "கொஞ்ச நாள்தான் அக்கா, நாங்க ஒரு வழியா செட்டில் ஆகற வரைக்கும்" என்றான் தம்பி. அந்தக் கொஞ்ச நாளில் குழந்தை தவழ்ந்தது, நடந்தது, பல் முளைத்தது, அம்மை கண்டு தேறியது, தையல்காரரின் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடி வாலு என்று பேர் வாங்கியது. பெற்றவர்கள் விடுமுறைக்கு வந்தார்கள், பொம்மை கொடுத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள்.

வாலுவுக்குப் பள்ளி போகிற வயது வந்தது. தெருக்கோடிப் பள்ளியில் இடம் வாங்கினாள். தையல்காரர் கீழே சீருடை தைத்தார். புத்தகம் மட்டும் அமையவில்லை. ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தவளுக்கு, சொந்தப் பிள்ளை என்று வந்ததும் ஒன்றும் பிடிக்கவில்லை. கரடி ஆசிரியருக்குப் பல் பெரிதாக இருந்தது. வாத்துக்குட்டியின் அம்மா டாட்டா காட்டும்போது தானே அழுதது. யானை கொஞ்சம் நெருங்கி வந்தது, ஆனால் கடைசியில் அழைத்துப்போக வந்தது பள்ளி வண்டி. வண்டிக்கும் பிள்ளைக்கும் என்ன உறவு என்று தூக்கி எறிந்தாள்.

கடைசியில் ஓர் அணில் கிடைத்தது. சின்னப் பை, பெரிய வால். வாசலில் கையை விடும், திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகும். மணி அடிக்கும். வேலிக்கு வெளியே பெரிய அணில் நிற்கும். கதையில் அது அம்மா அணில். வாலு அதை ஒப்புக்கொள்ளவில்லை. "இது அத்தை அணில்" என்றாள். அவள் திருத்தவில்லை. திருத்தியிருக்கலாம். வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

தினமும் சாயங்காலம் வீட்டில் பள்ளிக்கூடம் நடந்தது. சமையலறை நிலைதான் பள்ளி வாசல்.

"அணில் என்ன செஞ்சுது?"

"கைய விட்டுச்சு."

"அப்புறம்?"

"திரும்பிப் பாக்காம போச்சு."

"அப்புறம்?"

"நீ மணி அடி, அப்பதான் சொல்லுவேன்!"

அவள் டம்ளரில் கரண்டியால் டிங் டிங் என்று தட்டுவாள். வாலு அலறிக்கொண்டு ஓடி வந்து அவள் வயிற்றில் முட்டுவாள். சில நாள் குறும்புக்காக அவள் மணி அடிக்காமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளை அடுப்படி மூலையில் பையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். மணி அடிக்காமல் வெளியே வரக் கூடாது, அதுதான் சட்டம். இத்தனை கெட்டிக்காரப் பிள்ளை உலகத்தில் இல்லை என்று அவளுக்குப் பூரிப்பு தாங்காது.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது தம்பியும் அவன் பெண்டாட்டியும் வந்தார்கள். இந்த முறை பொம்மை கொண்டுவரவில்லை. காலிப் பெட்டி கொண்டுவந்தார்கள்.

"அங்கேயே நல்ல ஸ்கூல்ல சீட் கெடைச்சிருச்சு அக்கா. வீடும் பாத்தாச்சு. பெத்தவங்ககிட்டதானே இருக்கணும், உனக்குத் தெரியாததா?"

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான்."

நன்றாக இருக்கிறது நியாயம். முன்னால் சொன்னால் வருத்தப்படுவாளாம், பெட்டியோடு வந்து நின்றால் மாட்டாளாம். ஆனால் எந்த உரிமையில் சண்டை போடுவது? அவளும்கூட, புத்தகம் கேட்டு வருகிற அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுக்காரி எல்லாரிடமும், பெற்றவர்களை வரச் சொல்லுங்கள் என்று கறாராகச் சொல்லி அனுப்புகிறவள்தானே.

தம்பி பெண்டாட்டியைக் குறை சொல்வதற்கில்லை. ஆசையாகப் பிள்ளையைத் தூக்கப் போனாள். வாலு கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். இழுத்தால் கடித்தாள். "ஆன்ட்டி போ, ஆன்ட்டி போ" என்று கத்தினாள். பெற்றவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுத சத்தம் வெளியே கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள்.

"அண்ணி, நீங்க சொன்னா கேப்பா. ஸ்கூலுக்குப் போறோம்னு சொல்லுங்களேன். அந்த அணில் கதையை வெச்சு. அங்க போனதும் ஸ்கூலுக்குத்தானே போகப் போறா. பொய்யில்லையே."

"அது வேற. அந்தப் புத்தகத்துக்கு அது வேல இல்ல" என்றாள் அவள்.

"பின்னே கதறக் கதறத் தூக்கிட்டுப் போகச் சொல்றியா?" என்றான் தம்பி. "தெருவே வேடிக்கை பாக்கும். புள்ளைக்கு அதுதான் நல்லதா?"

"உன்னைப் பள்ளிக்கூடத்துல விட்ட அன்னிக்கு நீ கதறுனே. ஞாபகம் இருக்கா?"

"எனக்கு எங்கக்கா ஞாபகம் இருக்கும்? பாத்தியா, எல்லாம் மறந்துரும். இவளும் மறந்துருவா."

அவளிடம் அதற்குப் பதில் இருந்தது. இருந்தும் சரி என்று தலையை ஆட்டினாள். பிள்ளை அலறுவதை இன்னொரு தரம் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. அது பிள்ளைக்காகவா தனக்காகவா என்று அப்போது யோசிக்கவும் இல்லை.

காலையில் வாலுவுக்குச் சீருடை போட்டுவிட்டாள், தெருக்கோடிப் பள்ளியின் சீருடை. போகப் போகிற பள்ளிக்கு அது ஆகாது. இருந்தாலும் சட்டை மாட்டினால்தான் பள்ளிக்கூடம் என்று நம்பும். பையில் அணில் புத்தகத்தை வைத்தாள். படி இறங்கினார்கள். தையல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கார் கதவு திறந்திருந்தது.

"அணில் என்ன செஞ்சுது?" என்று கேட்டாள்.

"கைய விட்டுச்சு." கையை விட்டாள்.

"அப்புறம்?"

"திரும்பிப் பாக்காம போச்சு."

மூன்றாவது கேள்வியை அவள் கேட்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்த பிறகு பிள்ளை தானாகவே சொன்னது.

"நீ மணி அடிப்பே. வந்து நிப்பே."

"ம்" என்றாள்.

கார் நகர்ந்தது. வாலு அழவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. முன் இருக்கையிலிருந்து தம்பி கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். "உன் புத்தகம் வேலை செஞ்சிருச்சு அக்கா!" அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவள் வாசற்படியில் நின்று, தான் சொன்ன அந்த ஒரே எழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லாமல், கார் போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கும் வேலைக்குப் போனாள். கூட்டம் நெரிந்தது. ஓர் இளம் அம்மா பள்ளிக்கூடப் புத்தகம் கேட்டாள். அவள் எதுவும் விசாரிக்கவில்லை. பிள்ளை வகுப்பறையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதோடு முடிகிற புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். கூப்பிட யாரும் வராத புத்தகம். வாலுவுக்கு அதைக் கொடுத்திருந்தால் பிள்ளை எதையும் எதிர்பார்த்திருக்காது. "என்னம்மா, கடைசிப் பக்கம் பாக்கலையா?" என்று தலைமை நூலகர் சிரித்தார். "பாத்தாச்சு சார்" என்றாள்.

தம்பி அடிக்கடி பேசினான். பிள்ளை சமத்தாக இருக்கிறாள், சாப்பிடுகிறாள், அழுவதே இல்லை, நாங்கள்தான் வீணாகப் பயந்தோம் என்றான். பிள்ளையிடம் கொடு என்று கேட்டால் இப்போது வேண்டாம், பழகட்டும் என்றான். பள்ளி திறந்து வெகு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி பெண்டாட்டியே கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

"அண்ணி, ஸ்கூலுக்குப் போறா, வரா, எல்லாம் சரிதான். ஆனா வீட்டுக்கு வந்தும் பையைக் கழட்ட மாட்டேங்கறா. சமையலறை மூலையிலே போய் உக்காந்துக்கறா. வாடின்னா, இன்னும் மணி அடிக்கலங்கறா. எங்களுக்கு ஒண்ணும் புரியல. நீங்களாவது கேளுங்க."

போன் கை மாறியது. மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது.

"அத்தை, பாத்திரம் தேச்சிட்டிருக்கியா?"

அவளுக்கு எதிரிலேயே டம்ளர் இருந்தது. கரண்டியும் இருந்தது. தட்டினால் பிள்ளை வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்க்கும், அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். தட்டாவிட்டால் மூலையிலேயே உட்கார்ந்திருக்கும். படத்தில் இருக்கிற மாதிரி நிற்க முடியாதென்றால் இந்தப் புத்தகத்தை எடுத்துப் போகாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், கரண்டியைக் கையில் எடுத்தாள். மேசை இழுப்பறையைத் திறந்தாள். சத்தம் வராமல் அதை உள்ளே வைத்து மூடினாள்.

"ஆமா கண்ணு" என்றாள். "தேச்சிட்டிருக்கேன்."

"இன்னும் நெறய இருக்கா?"

"இருக்குடா."

"சரி அத்தை" என்றது பிள்ளை. அவள் கற்றுக்கொடுத்தபடியே, அழாமல்.